கடைசி ரசீது யாருக்கு வேண்டும்?

என் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசி முடித்த ஒப்பந்தக்காரர், கடைசி நாள் மாலையில் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பில் போட்டுத் தரட்டுமா சார், இல்லை அப்படியே முடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அந்த "அப்படியே" என்ற ஒற்றைச் சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். பில் போட்டால் வரி சேரும், போடாவிட்டால் சேராது, சேராத வரியில் எனக்குக் கொஞ்சம் குறையும், அவருக்குக் கொஞ்சம் மிஞ்சும். நான் பல ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துப் பிழைப்பவன். அதற்கு முந்தைய வாரம்தான் நண்பர் ஒருவரிடம், வருமான வரியை ஒழித்துவிட்டு, சம்பாதிப்பதற்குப் பதில் செலவழிப்பதன்மேல் விழும் நுகர்வு வரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் வரி ஏய்ப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று ஒரு மணி நேரம் வாதாடியிருந்தேன். அப்படியிருந்தும் "அப்படியே" என்றுதான் சொன்னேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போன பிறகுதான், என் வாதத்தை நானே என் கையால் உடைத்துவிட்டேன் என்பது உறைத்தது.

நுகர்வு வரியின் மேல் எனக்கு இருந்த ஈடுபாடு புதிதான ஒன்றல்ல. உழைத்துச் சிக்கனமாகச் சேர்ப்பவனிடம் அதிகமாகவும், வந்ததையெல்லாம் செலவழித்துத் தீர்ப்பவனிடம் குறைவாகவும் வரி வாங்குவதில் என்ன நியாயம் இருக்கிறது என்ற கேள்வியை ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1651-லேயே எழுப்பிவிட்டார். சேமிப்பின்மேல் ஒரு முறையும், அந்தச் சேமிப்பு ஈட்டும் வட்டியின்மேல் மறுமுறையும் வரி விழுகிறது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் குறைகூறினார். இருபதாம் நூற்றாண்டில் பொருளாதார அறிஞர்களான இர்விங் ஃபிஷரும் நிக்கோலஸ் கால்டோரும் அந்தக் குறைக்கு மாற்றாகச் செலவின்மேல் வரி போடும் திட்டங்களை விரிவாகவே வகுத்தார்கள். வருமானம் என்றால் என்ன என்று வரையறுப்பதில் உள்ள தலைவலி, தேய்மானத்தை எப்படிக் கழிப்பது, விற்காத சொத்தின் விலை ஏறினால் அது வருமானமா என்பன போன்ற சிக்கல்கள் எல்லாமே நுகர்வு வரியில் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன என்பதும் உண்மை. இவற்றில் எதையும் நான் இன்றும் மறுக்கவில்லை. நான் மறுப்பது, இந்த நல்ல காரணங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரே ஒரு வாக்குறுதியை மட்டும்தான்: நுகர்வு வரி வந்தால் ஏய்ப்பு ஒழியும் என்ற வாக்குறுதியை.

அந்த வாக்குறுதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சான்று கடத்தல்காரன். கள்ளப் பணம் சம்பாதிப்பவன் வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் அவனும் கடைக்குப் போய்ப் பொருள் வாங்கித்தானே ஆகவேண்டும், அப்போது சிக்கிக்கொள்வான் என்பார்கள். கேட்கும்போது மறுக்கவே முடியாததுபோல் தோன்றும். நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அதிலுள்ள ஓட்டை தெரிந்தது.

ஒரு ஊழியர் 125 சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரி 20 சதவீதம் என்றால் 25 அரசுக்குப் போய், கையில் 100 நிற்கும். அந்த 100-ஐ அவர் கடத்தல்காரனிடம் கொடுத்துத் தடைசெய்யப்பட்ட சரக்கை வாங்குகிறார். கடத்தல்காரன் வருமானத்தைக் காட்டுவதில்லை; அந்த 100-க்கும் கடையில் பொருள் வாங்கிக்கொள்கிறான். அரசுக்கு வந்தது 25. இப்போது வருமான வரியை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக விலைக்கு மேல் 25 சதவீத விற்பனை வரி போடுங்கள். ஊழியரின் கையில் 125 முழுதாக இருக்கிறது. கடத்தல்காரன் தன் சரக்குக்கு வரி வசூலித்து அரசிடம் கட்டப்போவதில்லை. ஆகவே ஊழியரிடம் இருக்கும் 125-ம் அவனுக்கே போகிறது. அவன் அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கான கடைக்குப் போனால் 100-க்குப் பொருளும் 25 வரியுமாகக் கொடுக்கிறான். அரசுக்கு வந்தது அதே 25. இருவருமே நேர்மையானவர்களாக இருந்திருந்தால் இரண்டு முறைகளிலும் 45 வந்திருக்கும். முதல் முறையில் ஊழியரிடம் 25-ம் விற்பவரிடம் 20-ம், இரண்டாவது முறையில் முதல் கொள்முதலில் 25-ம் அடுத்ததில் 20-ம். ஏய்க்கப்பட்ட 20 இரண்டு முறைகளிலும் ஏய்க்கப்பட்டே இருக்கிறது. கடத்தல்காரன் வாங்கும்போது கட்டுகிறான் என்பதைக் காட்டுபவர்கள், அவன் விற்கும்போது கட்டாததைக் காட்ட மறந்துவிடுகிறார்கள். என் வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரரைக் கடத்தல்காரனோடு சேர்த்துப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்தான். ஆனால் கணக்கு அவருக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் இரண்டு வரிகளும் ஏய்ப்பில் சமம்தானே, எதை வைத்தால் என்ன என்று கேட்கலாம். சமம் இல்லை என்பதுதான் அடுத்த சிக்கல். வருமான வரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒழுகுவதில்லை. 2014 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கு அமெரிக்க உள்நாட்டு வருவாய்த் துறை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முதலாளியே பிடித்துக் கட்டி, அரசுக்குத் தனியே தகவலும் அனுப்பும் சம்பள வருமானத்தில் மறைக்கப்படுவது ஏறத்தாழ 1 சதவீதம். யாரும் பிடித்தம் செய்யாத, மூன்றாமவர் யாரும் தகவல் தராத வருமானத்தில் மறைக்கப்படுவது ஏறத்தாழ 55 சதவீதம். டென்மார்க்கில் 40,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: மூன்றாமவர் தகவல் தரும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறக்குறைய இல்லை, தானே எழுதிக்கொடுக்கும் வருமானத்தில் ஏராளம். டேனிஷ்காரர்கள் நேர்மையானவர்கள் என்ற பொதுக் கருத்துக்கு இதில் இடமே இல்லை என்பது என்னைக் கவர்ந்த செய்தி. அங்கும் ஒரே மனிதர் சம்பளத்தை மறைப்பதில்லை, பகுதிநேரத் தொழிலில் வந்ததை மறைக்கிறார். ஒழுங்கு மனிதனுக்குள் இல்லை, அவன் வருமானம் வேறொருவர் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருமான வரிக்குப் பதில் சில்லறை விற்பனை வரி என்ற திட்டத்தைப் பாருங்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டுகிற சம்பள வரியைத் தூக்கியெறிந்துவிட்டு, அந்தப் பணம் முழுவதையும், ஒழுகும் பாத்திரம் எது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதோ அந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோம். தன் வருமானத்தைப் பாதிக்கு மேல் மறைத்துவந்த சிறு விற்பனையாளர் மற்றும் சுயதொழில் செய்பவர் கையிலேயே நாட்டின் மொத்த வரி வசூலையும் ஒப்படைக்கிறோம். இதை நான் கணக்கு எழுதும் மேசையில் இருந்து சொல்கிறேன்: சம்பளப் பதிவேட்டைப் பார்த்து எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, ரொக்க விற்பனைப் பக்கத்தைப் பார்த்துச் சந்தேகம் வராத நாள் குறைவு.

விகிதத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்க மக்களவையில் 1999 முதல் திரும்பத் திரும்ப அறிமுகப்படுத்தப்படும் 'ஃபேர் டாக்ஸ்' மசோதா, வருமான வரியை நீக்கி 23 சதவீத விற்பனை வரியைக் கொண்டுவரச் சொல்கிறது. வரி வசூலிக்கும் துறையையே கலைக்கவும் சொல்கிறது. அந்த 23 என்பது வரியும் சேர்ந்த விலையில் 23. நாம் கடையில் கணக்கிடும் முறையில் சொன்னால், 100 மதிப்புள்ள பொருளுக்கு 30 வரி. 130-இல் 30 என்பதைத்தான் 23 சதவீதம் என்கிறார்கள். பொய் இல்லை, ஆனால் துணி அளக்கும்போது முழத்தைச் சுருக்கிக்கொள்வது போன்ற ஒரு சாமர்த்தியம். 2005-இல் அமெரிக்க அதிபர் அமைத்த வரிச் சீர்திருத்தக் குழு, வருமான வரியை ஈடுசெய்ய விலைக்கு மேல் குறைந்தது 34 சதவீதமாவது தேவைப்படும் என்று கணித்து, ஏய்ப்பு மிகுந்தால் அது இன்னும் ஏறும் என்றும் சொல்லி, அந்தத் திட்டத்தை ஏற்காமல் விட்டது. விகிதம் ஏற ஏற, "அப்படியே முடித்துக்கொள்ளலாமா" என்ற கேள்வியின் மதிப்பும் ஏறுகிறது. 5 சதவீதத்துக்காகச் சங்கடப்பட்டுப் பில் கேட்பவன் 30 சதவீதம் என்றால் பேசாமல் இருந்துவிடுவான். ஸ்வீடன் 1969-இலும் நார்வே 1970-இலும் கடைசி விற்பனையில் மட்டும் விழும் ஒற்றைக் கட்டச் சில்லறை விற்பனை வரியை விட்டுவிட்டு, சரக்கு கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் விழும் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியது சும்மா இல்லை.

மதிப்புக் கூட்டு வரியை நான் மிகவும் மதிக்கிறேன். மோரிஸ் லோரே என்ற பிரெஞ்சு வரி அதிகாரி வடிவமைத்து 1954-இல் பிரான்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டின் அழகு, அது வரி கட்டுபவர்களையே ஒருவருக்கொருவர் காவலாக நிறுத்துவதில் இருக்கிறது. வரி 20 சதவீதம் என்று கொள்வோம். மரம் விற்பவர் தச்சருக்கு 100-க்கு விற்று 20 வரி வாங்கிக் கட்டுகிறார். தச்சர் மேசை செய்து கடைக்காரருக்கு 250-க்கு விற்று 50 வரி வாங்குகிறார். தான் ஏற்கெனவே கொடுத்த 20-ஐக் கழித்துக்கொண்டு 30 கட்டுகிறார். கடைக்காரர் வீட்டுக்காரருக்கு 400-க்கு விற்று 80 வரி வாங்கி, 50-ஐக் கழித்துக்கொண்டு 30 கட்டுகிறார். அரசுக்குச் சேர்வது 80. அதுதான் கடைசி விலையில் 20 சதவீதமும்கூட. மரக்காரர் பில் கொடுக்காவிட்டால் தச்சருக்கு 20 நஷ்டம். எனவே தச்சர் பில்லைக் கேட்டு வாங்கியே தீருவார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிர் நலன் உடையவர்களாக இருக்கும்வரை உண்மை எழுதப்படுகிறது. சில்லறை வரியில் கடைக்காரர் ஒருவர் ஏமாற்றினால் 80-ம் போகும். இதில் அவர் அந்த விற்பனையைக் கணக்கிலேயே காட்டாமல் விட்டாலும் 50 முன்னமே வந்து சேர்ந்திருக்கும்.

ஆனால் அந்தச் சங்கிலி வீட்டுக்காரரிடம் வந்து அறுந்துபோகிறது. அவருக்குக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த ரசீது அவருக்கு ஒரு துண்டுக் காகிதம். சிலி நாட்டில் நடந்த ஒரு பெரிய பரிசோதனை இதை அளந்தே காட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, உங்கள் கணக்கு கவனிக்கப்படுகிறது என்ற பொருளில் வரித்துறை கடிதம் அனுப்பியது. நிறுவனங்களுக்கு இடையிலான, காகிதத் தடம் உள்ள விற்பனையில் அந்தக் கடிதத்தால் பெரிய மாற்றம் இல்லை. அங்கே ஏற்கெனவே உண்மைதான் எழுதப்பட்டிருந்தது. கடைசி நுகர்வோருக்குச் செய்த விற்பனையில்தான் கணக்கு திடீரென்று உயர்ந்தது. அதாவது, பொய் எங்கே குடியிருந்தது என்பதைக் கடிதமே போய்க் கதவைத் தட்டிக் காட்டிவிட்டது.

கடைசிக் கண்ணியில் பொய் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கவேண்டும். பில் போடாமல் விடுவது பழைய, முரட்டு வழி. நளினமான வழி வேறு. பகல் முழுவதும் கல்லாப்பெட்டி இயந்திரம் ஒவ்வொரு விற்பனைக்கும் முறையாக ரசீது கொடுக்கிறது. ஊழியர் திருடாமல் இருக்க முதலாளிக்கே அந்தப் பதிவு வேண்டும். இரவு கதவைச் சாத்திய பிறகு, முதலாளி ஒரு சிறிய நினைவகக் குச்சியை இயந்திரத்தில் செருகுகிறார். இன்றைய ரொக்க விற்பனையில் எத்தனை சதவீதத்தைக் குறைக்கவேண்டும் என்று திரை கேட்கிறது. எண்ணைத் தட்டியதும் அத்தனை ரசீதுகள் அழிந்து, மிஞ்சியவற்றுக்கு இடைவெளி விழாமல் வரிசை எண்கள் புதிதாக இடப்பட்டு, இருப்புக் கணக்கும் அதற்கேற்பத் திருத்தப்பட்டுவிடுகிறது. குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் மறுநாள் வரும் அதிகாரிக்கு அப்பழுக்கற்ற கணக்கு கிடைக்கும். 'ஸாப்பர்' என்று பெயர் பெற்ற இந்த மென்பொருளை எதிர்த்துத்தான் ஸ்வீடன் 2010-இல் சான்று பெற்ற, கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பில் இயந்திரங்களைக் கட்டாயமாக்கியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2011-இல் உணவகங்களின் இயந்திரங்களில் அழிக்கமுடியாத பதிவுப் பெட்டியைப் பொருத்தச் சொன்னது. இவற்றால் பலன் உண்டு. ஆனால் இயந்திரத்தில் ஏறிய விற்பனையைத்தான் பெட்டி காக்கும். என் வீட்டுச் சுவரில் எந்த இயந்திரமும் இல்லை.

இன்னொரு வழி, வாங்குபவரையே ரசீதின்மேல் ஆசைப்பட வைப்பது. தைவான் 1951 முதல் ரசீதுகளையே பரிசுச் சீட்டாக்கிக் குலுக்கல் நடத்திவருகிறது. போர்ச்சுகல் 2014-இல் ரசீது எண்ணுக்கு ஆடி கார்களைப் பரிசாகக் கொடுத்தது. வரி ஒழுக்கத்தை வளர்க்கச் சொகுசுக் காரைக் காட்டவேண்டியிருந்தது என்பதில் உள்ள நகைச்சுவையை அந்த அரசு உணர்ந்ததா என்று தெரியாது. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலம் 2007-இல் செய்தது இவற்றில் மிகவும் யோசித்துச் செய்யப்பட்டது. நுகர்வோர் தம் அடையாள எண்ணைச் சொல்லி ரசீது வாங்கினால், அந்தக் கடை கட்டும் வரியில் ஒரு பகுதி அவர்களுக்கே திரும்பி வரும். மாதக் குலுக்கலும் உண்டு. தம் ரசீது இணையத்தில் பதிவாகவில்லை என்றால் புகாரும் செய்யலாம். நான்கு ஆண்டுகளில் சில்லறைக் கடைகள் காட்டிய விற்றுமுதல் குறைந்தது 21 சதவீதம் உயர்ந்ததாக அதை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அறுந்த கண்ணியைப் பணம் கொடுத்து ஒட்டவைக்கும் வேலை இது, அதுவும் சிறிய அளவுப் பணம். என்னைக் கேட்டால், நுகர்வு வரியை நம்பும் எந்த அரசும் முதலில் செய்யவேண்டியது இதுதான். அதே சமயம், திருப்பிக் கொடுக்கப்படும் தொகை வரியின் ஒரு பகுதிதான். விற்பவர் "அப்படியே" என்று சொல்லிக் குறைத்துத் தருவது அதைவிட அதிகமாக இருக்கமுடியும். வரி விகிதம் 15 ஆக இருக்கும்போது வேலை செய்யும் குலுக்கல், 34 ஆகும்போதும் அதே போல் வேலை செய்யும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ரசீது இருந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு மதிப்புக் கூட்டு வரி வேறொரு பாடம் வைத்திருக்கிறது. வருமான வரியில் ஏமாற்றுபவன் அரசுக்கு வரவேண்டியதைத் தராமல் இருக்கிறான், அவ்வளவுதான். இங்கே அரசு கஜானாவில் இருந்தே பணத்தை எடுத்துக்கொண்டு போகமுடியும். ஐரோப்பாவில் 'கரௌசல்' (ராட்டினம்) மோசடி என்று பெயர் பெற்ற, சரக்கு சுற்றிச் சுற்றி வரும் ஒரு வித்தை நடந்தது. ஒருவன் வேறொரு நாட்டிலிருந்து வரியில்லாமல் 1,000-க்குச் சரக்கைக் கொண்டுவந்து, அடுத்தவனுக்கு 1,000-மும் 200 வரியுமாக விற்று, அந்த 200-ஐக் கட்டாமல் நிறுவனத்தோடு மறைந்துவிடுகிறான். அடுத்தவன் 1,010-மும் 202 வரியுமாக விற்றுக் கணக்காக 2 கட்டுகிறான். மூன்றாமவன் அதே சரக்கை ஏற்றுமதி செய்து, ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பதால் தான் கொடுத்த 202-ஐ அரசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறான். அரசுக்கு வந்தது 2, போனது 202. சரக்கு மறுபடி எல்லை தாண்டி வந்து அதே சுற்றைத் தொடங்குகிறது. இதற்குக் கைபேசிகளும் கணினிச் சில்லுகளும் பயன்பட்டன. எடை குறைவு, விலை அதிகம். 2008-09-இல் எடையே இல்லாத சரக்கு ஒன்று கிடைத்தது: தொழிற்சாலைகள் கரியமில வாயுவை வெளியிடுவதற்கான, வாங்கி விற்கக்கூடிய கரிம உமிழ்வு உரிமங்கள். அதில் மட்டும் ஏறத்தாழ 500 கோடி யூரோ போனதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. இதில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒழுங்கான ரசீது இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிர் நலன் உடையவர்கள் என்ற அடிப்படை, இருவரும் ஒரே கூட்டாளிகள் என்றானதும் சரிந்துவிடுகிறது. பில்லை விற்பனை நடக்கும்போதே அரசின் கணினி வழியாகப் போகச்செய்யும் மின்னணு ரசீது முறை இந்த வித்தையின் ஆயுளைக் குறைக்கிறது. இத்தாலி 2019 ஜனவரி முதல் உள்நாட்டு வணிகத்தின் பெரும்பகுதிக்கு அதைக் கட்டாயமாக்கியது, இந்தியா 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மிகவும் பழக்கமான ஏய்ப்பு ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் ஏய்ப்பு என்றே நினைப்பதில்லை. நுகர்வுக்குத்தான் வரி, தொழிலுக்கு வாங்கும் பொருளுக்கு இல்லை என்றால், வாங்கும் எல்லாமே தொழிலுக்கு என்று ஆகிவிடும். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய மடிக்கணினி முதலாளியின் மகன் படிப்பதற்குப் போகிறது. அலுவலகத்துக்கு என்று பில் போட்ட நாற்காலிகள் வரவேற்பறையில் கிடக்கின்றன. வாகனம் வாரநாளில் தொழிலுக்கு, வார இறுதியில் குடும்பத்துக்கு. ஆண்டு முடிவில் இந்தப் பில்களின் கட்டை என் மேசைக்கு வரும்போது, எது தொழில் எது வீடு என்று பிரிப்பது என் வேலையில் பாதி. வருமான வரியிலும் இதே பொய் சொல்லப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரு தனிமனிதரின் வருமானம், சொத்து, வாழ்க்கை முறை மூன்றையும் ஒட்டவைத்துப் பார்க்கும் ஒரு ஆவணம் எங்கோ இருக்கிறது. வருமான வரியே இல்லாத உலகில் தொழில் பதிவு எண் என்பது வரியில்லாமல் பொருள் வாங்கும் அனுமதிச் சீட்டு. அதை எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இதற்குப் பதிலாக, செலவின்மேல் வரி என்பதைக் கடையில் அல்லாமல் தனிமனிதரிடமே வாங்கினால் என்ன என்பதுதான் கால்டோர் சொன்ன வழி. ஆண்டு வருமானத்திலிருந்து ஆண்டுச் சேமிப்பைக் கழித்தால் மிஞ்சுவது செலவு. அதற்குப் படிநிலை விகிதத்தில் வரி. வசதியற்றவருக்குக் குறைத்தும் ஆடம்பரத்துக்குக் கூட்டியும் போடலாம் என்பதால், கடை வரியின்மேல் வைக்கப்படும் ஏழைகளை நசுக்குகிறது என்ற குற்றச்சாட்டும் இதற்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரியைப் பாருங்கள்: வருமானம். செலவு வரி போடவேண்டும் என்றாலும் ஒருவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று தெரிந்தே ஆகவேண்டும். வாசல் வழியாக அனுப்பிய விருந்தாளி கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

கால்டோருக்கு இது தெரியாதது அல்ல. 1956-இல் இந்திய அரசுக்கு அவர் கொடுத்த அறிக்கையில் வருமான வரியை நீக்கச் சொல்லவில்லை. வருமானம், மூலதன ஆதாயம், சொத்து, நன்கொடை, செலவு ஆகிய ஐந்துக்கும் தனித்தனி வரிகள், ஆனால் ஐந்துக்கும் சேர்த்து ஒரே படிவம் என்பதுதான் அவர் திட்டம். ஓரிடத்தில் மறைத்தது இன்னோரிடத்தில் தலைகாட்டும். சொத்து விற்றவர் விலையைக் குறைத்துக் காட்ட விரும்புவார். வாங்கியவரோ அதைச் சேமிப்பாகக் கழித்துக்கொள்ளக் கூட்டிக் காட்ட விரும்புவார். இருவர் படிவங்களும் ஒரே அலுவலகத்தில் சந்திக்கும். மதிப்புக் கூட்டு வரியில் வணிகர்களுக்கு இடையே இருக்கும் அதே காவலைத் தனிமனிதர்களின் வாழ்க்கைக்குள்ளும் கொண்டுவரும் முயற்சி அது. நடந்தது வேறு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட செலவு வரிச் சட்டம் 1958 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வரிக்குப் பிந்தைய ஆண்டு வருமானம் 36,000 ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு மட்டும் அது. அவர்களுக்கும் விலக்குகள் ஏராளம். வருமான வரியின் உயர் விகிதங்களைக் கால்டோர் சொன்ன அளவுக்குக் குறைக்கவும் இல்லை, ஒரே படிவமும் வரவில்லை. வசூல் ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை. 1962-இல் நீக்கினார்கள், 1964-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1966-இல் மறுபடி நீக்கினார்கள். இலங்கையிலும் 1959-இல் வந்து 1963-இல் போய், 1976-இல் மீண்டும் வந்து அடுத்த ஆண்டே போனது. தோல்வி என்று இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், கட்டிலின் ஐந்து கால்களையும் செய்துவிட்டு, அவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் சட்டத்தைப் பொருத்தாமலே படுத்துப் பார்த்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே நான் இன்று வந்து நிற்கும் இடம், வாதாடிய அன்று நின்ற இடத்துக்கு ஏறத்தாழ எதிர்ப்புறம். நுகர்வு வரியை விரிவாக்கலாம், வருமான வரியின் விகிதங்களைக் குறைக்கலாம், சிறிய வருமானக்காரர்களைப் படிவம் நிரப்புவதிலிருந்து முழுதாக விடுவிக்கலாம். ஆனால் வருமானத்தைப் பற்றிய பதிவை ஒழிக்கக்கூடாது. ஒரு பெரிய வரியைவிட இரண்டு நடுத்தர வரிகளை ஏய்ப்பது கடினம். விகிதம் குறைவதால் ஆசை குறைகிறது, புத்தகங்கள் இரண்டாவதால் பொய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. விற்பனையைக் குறைத்துக் காட்டும் கடைக்காரர் எப்படிப் பிடிபடுகிறார் என்பதை யோசித்தால் இது விளங்கும். அவர் கடையில் யாரும் நின்று எண்ணுவதில்லை. காட்டிய வருமானத்தில் வாங்கவே முடியாத வீட்டை வாங்கியிருக்கிறார் என்பதிலிருந்துதான் விசாரணை தொடங்குகிறது. அவர் கொடுத்த சம்பளம், செலவாகக் கழிக்கப்படவேண்டும் என்பதற்காகவே உண்மையாக எழுதப்பட்டிருக்கும். பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கடையில் இருவர் பார்க்கக்கூடிய வேலை அளவுக்குத்தான் விற்பனையா என்று கேட்கமுடியும். வருமான வரி போனால் அந்தச் சம்பளத்தை எழுதுவதற்கே ஒருவருக்கும் காரணம் இருக்காது.

வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரரை அண்மையில் மறுபடி அழைத்தேன். சமையலறைக் கூரையில் ஈரம் கசிந்து வண்ணம் உப்பிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தவர், இது பூச்சின் குறை இல்லை, மேலே குழாய் கசிகிறது என்றார். இருக்கலாம். ஆனால் பூச்சின் குறைதான் என்று நான் வாதிடுவதற்கு, அவர் அந்த வேலையைச் செய்தார் என்பதைக் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. இந்த முறை பில் வேண்டும் என்றேன். "அப்போ வரி சேரும் சார்," என்றார் அவர், ஏதோ நான் மறந்துவிட்டதை நினைவூட்டுவதுபோல்.